வீட்டுக்குள் கடல் வந்தால்...

2021 ஆம் ஆண்டின் தொடக்கம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முகப்பில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் தங்கையின் கணவர் அருகே வந்தார். பன்னிரண்டு வருடங்கள் கட்டாரில் உழைத்துவிட்டு, புத்தளத்தில் புதுவீடு கட்டிக் குடியேறியிருந்த நேரம் அது.

“மௌலவி மச்சான், ஹோல்ல ஒரு பெரிய மீன்தொட்டி வெக்கப் போறன். நல்ல தண்ணித் தொட்டியில்ல, கடல் தண்ணி. முருகைக்கல்லெல்லாம் வெச்சு, கடலடிய அப்படியே வீட்டுக்குள்ள கொண்டு வாற மாதிரி. மார்க்கத்துல தடையொண்டும் இல்லயே?”

“தடையில்ல மச்சான், ஆகும்” என்றேன். செருப்பும் கிடைத்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆதாரம் இல்லாமல் சொன்ன பதிலல்ல அது. அனஸ் (ரழி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வைத்து விளையாடி வந்ததும், நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்குப் போகும்போது அக்குருவியைப் பற்றிச் சிறுவரிடம் அன்போடு விசாரித்ததும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ள பிரபலமான செய்தி. ஷாபிஈ மத்ஹபின் முற்கால அறிஞர்களுள் ஒருவரான இப்னுல் காஸ் இந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபது பயன்களை எடுத்துத் தனியொரு நூல் எழுதினார். அதன் சாரத்தை இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ ‘பத்ஹுல் பாரீ’யில் தந்திருக்கிறார். பறவையைக் கூட்டில் வைத்து வளர்க்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. பறவைக்கு ஆகுமென்றால் மீனுக்கும் ஆகும்தானே.

ஆனால் அன்று நான் மச்சானிடம் எதையுமே கேட்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும், முருகைக்கல் எங்கிருந்து வரும், மின்சாரம் நின்றால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதன் விளைவை ஒரு வருடம் கழித்து என் மருமகனின் முகத்தில் பார்த்தேன். கடல்நீர்த் தொட்டி இப்போது நமது வீடுகளிலும் பரவி வருவதால், விருப்பமுள்ளவர்களுக்கு உதவுமென்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதல் தொட்டி

பணம் கையில் இருந்தது, பொறுமை இருக்கவில்லை. ஆறு அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் தண்ணீர் நிரப்பி, அடுத்த வாரமே பதினைந்து மீன்களை இட்டார்கள். பத்து நாட்களில் ஆறு மீன்கள் செத்தன. “ஏலாத மீன தந்திட்டான்” என்று மச்சான் கடைக்காரரைக் குறை சொன்னார். உண்மையான காரணம் தொட்டிக்குள் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

செத்தவற்றுக்குப் பதிலாக வேறு மீன்களை வாங்கிப் போட்டார்கள். நாளடைவில் தொட்டி ஒருவாறு தேறிவந்தது. ஒருவர் வந்து ஐந்து முருகைக்கல் துண்டுகளை விற்றுவிட்டுப் போனார். “வெளிநாட்டுச் சரக்கு” என்றாராம். பற்றுச்சீட்டும் இல்லை, அனுமதிப் பத்திரமும் இல்லை. மாலை வேளையில் நீல விளக்கின் கீழ் அவை ஒளிர்வதைப் பார்க்கும்போது நானும் சுப்ஹானல்லாஹ் என்றுதான் சொன்னேன். எங்கிருந்து வந்தவை என்று விசாரிக்க எனக்கும் தோன்றவில்லை.

2022 மார்ச் மாதம் நாடு எந்த நிலையில் இருந்தது என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டு, மார்ச் 31 ஆம் திகதி பதின்மூன்று மணித்தியாலங்களைத் தொட்டது. மச்சான் வீட்டில் ஜெனரேற்றர் இருந்தது. டீசல் இல்லை. அதற்கும் வரிசை.

கடல்நீர்த் தொட்டியில் மின்சாரம் நின்றால் முதலில் குறைவது ஒட்சிசன். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். உப்பு நீரில் அதைவிடக் குறைவு. நமது வெப்பத்தில் ஒரு லீற்றர் கடல்நீர் ஆறு மில்லிகிராம் சொச்சம் ஒட்சிசனைத்தான் தாங்கும். மோட்டார் ஓடி நீர் புரண்டுகொண்டிருக்கும்வரை மேற்பரப்பால் காற்று கலந்தவண்ணமிருக்கும். நீர் அசையாமல் நின்றுவிட்டால், மீனும் இறாலும் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களும் இருப்பதைச் சுவாசித்துத் தீர்த்துவிடும். இரவில் பாசியும் தாவரமும்கூட ஒட்சிசனை எடுக்குமே தவிரக் கொடுக்காது.

மச்சானின் பிள்ளைகள் மூவரும் முறைவைத்து, கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்று மூத்தவன் எங்கோ படித்திருந்தான். சரியான யோசனைதான். மெழுகுதிரி வெளிச்சத்தில் முதல் இரவு, இரண்டாம் இரவு. மூன்றாம் இரவு பிள்ளைகளுக்குக் கண் அயர்ந்துவிட்டது. சுபஹுக்கு எழுந்து பார்த்தபோது ஒரேயொரு மீன் மட்டும் வாயை மேலே நீட்டி மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. லுஹருக்குள் அதுவும் போய்விட்டது. முருகைக்கல் துண்டுகள் வெளிறி, இரண்டொரு நாளில் சளிபோல் கரைந்து வெறும் வெள்ளைக் கல் மிஞ்சியது. வீடு முழுக்க நாற்றம்.

நான் போனபோது மருமகன் தொட்டிக்கு முன்னால் நிலத்தில் குந்திக்கொண்டிருந்தான். பதினொரு வயது. “நான் நித்திர கொண்டதாலதான் மாமா மௌத்தாப் போச்சு” என்றான். அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது? அபூ உமைரின் குருவி இறந்துபோய் அவர் கவலையோடிருந்தபோதுதான் நபி (ஸல்) அவர்கள் அதைப்பற்றி விசாரித்தார்கள் என்று வரும் அறிவிப்பு அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஓதிய காலத்திலிருந்து அந்த ஹதீஸைச் சட்டம் எடுப்பதற்கே பயன்படுத்தி வந்தேன். குருவியை இழந்த பிள்ளை ஒன்று அதில் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். அவனருகே நானும் குந்திக்கொண்டு, எந்த மீன் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னான்.

நான் கேட்காமல் விட்ட பாடம்

அரபுக் கல்லூரியில் இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’ ஓதியவர்களுக்குத் தெரியும். மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குரிய செலவினங்களைப் பேசும் பாடம் முடியும் இடத்தில் பிராணிகளும் வருகின்றன. தீனியும் நீரும் கொடுப்பது உரிமையாளர்மீது கடமை. அவர் மறுத்தால், விற்றுவிடும்படியோ, உண்ணத்தக்க பிராணியெனில் அறுத்துவிடும்படியோ அவரைக் கட்டாயப்படுத்தலாம். விரிவுரை நூல்கள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன. குட்டிக்குப் போதாமற்போகும் அளவுக்குப் பால் கறக்கக் கூடாது. தேன் எடுப்பவர் கூட்டில் தேனீக்களுக்குத் தேவையானதை விட்டுவைக்க வேண்டும்.

பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணின் ஹதீஸை எத்தனையோ ஜும்ஆக்களில் நானே சொல்லியிருக்கிறேன். அவள் அதற்குத் தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தின்று பிழைக்கவும் விடவில்லை. அடைத்து வைத்ததால் அதன் முழுப் பொறுப்பும் அவள்மீது வந்துவிட்டது. ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டால் மேய்ந்துகொள்ளும். கண்ணாடிக்குள் இருக்கும் மீனுக்கு உணவு மட்டுமல்ல, மூச்சும்கூட நாம் கொடுத்தால்தான் உண்டு. மீனின் செலவினத்தில் மின்சாரமும் ஒன்று என்று எந்தப் பழைய கிதாபிலும் எழுதியிருக்காது. ஆனால் ஓதியவன் அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா?

“ஏலாமப் போனா கடல்ல விட்டிரலாம்தானே” என்று சிலர் சொல்கிறார்கள். நமது கடலிலிருந்து எடுத்த மீனுக்கு அது ஓரளவு பொருந்தலாம். வேற்றுக் கடலின் மீனை விடுவது பெருங்கேடு. இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் வாழும் சிங்க மீன் 1985 இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத்தில் தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே காரணமென்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பெருகி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று அழித்துக்கொண்டிருக்கிறது.

முருகைக்கல் கல்லல்ல

நமக்குப் பிழை ஏற்படும் இடம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. கல் என்கிறோம். அது குன்றிமணி அளவுகூட இல்லாத ஆயிரக்கணக்கான உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. ஒவ்வொரு உயிரின் உடலுக்குள்ளும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியால் அப்பாசிகள் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு அவ்வுயிருக்குப் போகிறது. கடல் சில வாரங்கள் வழக்கத்தைவிட ஒரு பாகை அதிகம் சூடாகி நின்றாலே பாசிகள் வெளியேற, முருகை வெளிறிவிடும். 1998 இல் அவ்வாறுதான் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீப்பிலும் ஹிக்கடுவையிலும் பெருமளவு மடிந்தது. பார் ரீப் மெல்ல மெல்லத் தேறிவந்த நிலையில் 2016 இல் மீண்டும் அடி விழுந்தது. உருண்டைப் பாறையாக வளரும் இனங்கள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஒரு ஆட்டுக்கல் அளவு முருகையைப் பெயர்ப்பவர் இருபது வருட வளர்ச்சியைக் கையில் எடுக்கிறார்.

ரஹ்மான் சூராவில் முத்தோடு சேர்த்து மர்ஜானை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறான். மர்ஜான் என்பது சிறிய முத்தா, சிவந்த பவளமா என்பதில் முபஸ்ஸிர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமது பாட்டன்மார் அதைச் சுண்ணாம்புச் சூளையில் போட்டுச் சுட்டே வீடு பூசினார்கள். ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் கற்பிட்டிக் கோட்டையை எழுப்பியதும் முருகைக்கல்லால்தான். அன்று அதன் விளைவு எவருக்கும் தெரியாது. இன்று தெரியும். சட்டமும் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுக்கின்றன. வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் முருகைகளைப் பாதுகாக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும், கடின முருகைகள் யாவும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளமையால் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

ஆகவே, பத்திரமில்லாமல் ஒருவர் கொண்டுவந்து நீட்டும் துண்டு அநேகமாகத் திருட்டுச் சொத்து. அதைப் பணம் கொடுத்து வாங்கினோம் என்பது ஒரு நியாயமாகாது. மச்சான் வீட்டுத் தொட்டியில் கரைந்துபோன அந்த ஐந்து துண்டுகளும் எந்தக் கடலில் இருந்தவை என்று அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

மீனிலும் இதே கவனம் தேவை. முருகைத் திட்டின்மீது வலையைக் கவிழ்த்து, இடுக்கில் ஒளிந்த மீனை விரட்டக் கம்பியால் திட்டையே உடைக்கும் முறை நமது கடலிலும் நடந்ததுண்டு. பிலிப்பைன்ஸ் பக்கம் சயனைட் நஞ்சைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். அப்படிப் பிடித்த மீன் கடையில் அழகாக நீந்தும், வீட்டுக்கு வந்து சில வாரங்களில் காரணமின்றிச் சாகும். கைவலையால் பிடிக்கும் நேர்மையான முக்குளிப்பாளர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதைவிடப் பண்ணையிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த மீன் கிடைக்குமானால் அதுவே மேல். கோமாளி மீன் அவ்வாறு கிடைக்கிறது.

இரண்டாம் தொட்டி

ஒரு வருடத்துக்கு மேல் தொட்டி வெறுமையாகக் கிடந்தது. தங்கை அதற்குள் துணி மடித்து வைக்கத் தொடங்கியிருந்தாள். 2023 இல் மருமகன்தான் மறுபடி ஆரம்பித்தான். இம்முறை மச்சான் என்னிடம் ஆகுமா என்று கேட்கவில்லை. நான்தான் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். தெரியாததை விளக்கமுள்ளவர்களிடம் கேட்டு, நூல்களையும் புரட்டினோம்.

பெரிய தொட்டி வேண்டுமா, சிறியது போதாதா? வீண்விரயம் என்ற பேச்சு எழும் இடம் இது. விசாரித்தபோது வியப்பாக இருந்தது. கடல்நீரைப் பொறுத்தவரை சிறிய தொட்டிதான் ஆபத்தானது. அறுபது லீற்றரில் ஒரு மீன் செத்து அழுகினால் நீர் முழுவதும் நஞ்சாகும். எழுநூறு லீற்றரில் அதைச் சமாளிக்க அவகாசம் கிடைக்கும். வெப்பமும் உப்பும் சட்டென்று மாறாது. ஆனால் எடையை மறந்துவிடக் கூடாது. தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு தொன். மேல்மாடியில் வைக்கும் எண்ணத்தை மேசன் பாஸ் ஒரே வார்த்தையில் தடுத்துவிட்டார். கீழ்த்தளத்தில், வெயில் படாத உட்சுவர் ஓரமாக, இரும்புச் சட்டத்தின்மேல் ஏற்றினோம். இந்த அளவுக்குக் கண்ணாடி 12 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

அடுத்தது தண்ணீர். தங்கை கேட்டாள்: “நானா, உப்பளத்துல மலை மலையா உப்புக் கெடக்கு. கிணத்துத் தண்ணில கரைச்சாக் கடல் தண்ணிதானே? எதுக்கு இம்மட்டுக் கஷ்டம்?”

புத்தளத்தில் பிறந்தவள் கேட்க வேண்டிய கேள்விதான். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, பிறகு ஜிப்சம், அதன்பிறகே உப்பு. கடைசியில் எஞ்சும் கசப்பு நீரை வடித்து விடுகிறார்கள். மக்னீசியமும் பொற்றாசியமும் அதோடு போய்விடும். நமது கைக்கு வருவது கடலின் ஒரு பகுதி மாத்திரமே. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அதில் சோடியமும் குளோரைட்டும் நூற்றுக்கு 86 வீதமளவு. மீதிச் சிறு பங்கில்தான், லீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவான கல்சியமும் 1300 மில்லிகிராமை அண்டிய மக்னீசியமும் இருக்கின்றன. நத்தை ஓடு கட்டுவதற்கும், முருகை வளர்வதற்கும் அவை வேண்டும். கறிக்குப் போதுமான உப்பு மீனுக்குப் போதாது.

களப்பு நீரும் உதவாது. கோடையில் புத்தளம் களப்பு கடலைவிட உப்பேறிவிடும், மழை காலத்தில் நேர்மாறு. இறால் பண்ணைகளின் கழிவு நீர் கலக்கும் இடங்களும் உண்டு. கற்பிட்டிக்கு வெளியே, கரையை விட்டுத் தள்ளி, மழையில்லாத நாளொன்றில் படகில் போய் 25 லீற்றர் கலன்களில் எடுத்து வந்தோம். இருபத்தெட்டுக் கலன்கள். மூடிய பீப்பாக்களில் இரண்டு வாரம் இருட்டில் வைத்து, தெளிந்ததைத் துணியில் வடித்து ஊற்றினோம். கடலுக்குப் பக்கத்தில் இல்லாதவர்கள் இதற்கென விற்கப்படும் கலவை உப்பை வாங்கி, தூய நீரில் கரைக்கலாம். செலவு அதிகம்.

பாறைகளை நாங்களே செய்தோம். சீமெந்து, உடைத்த சிப்பி ஓடு, கட்டை உப்பு மூன்றையும் பிசைந்து, ஈரமணலில் குழிதோண்டி வார்த்தோம். நீரில் ஊறும்போது உப்புக் கரைந்து இடமெல்லாம் துளை விழும். தங்கையின் உப்பு மலை இங்கே பயன்பட்டது. சீமெந்தின் காரம் போகும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் நல்ல நீரில் ஊறவைத்து, அடிக்கடி நீரை மாற்ற வேண்டியிருந்தது. இதில் அவசரப்பட்டால் மீன் வெந்துபோகும். ஒரு வருடத்தில் அவற்றின்மேல் ஊதாவும் பச்சையுமாகப் பாசி படர்ந்து, கடலடிப் பாறையா வார்த்த பாறையா என்று வந்தவர்கள் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

முதல் தொட்டியில் ஆறு மீன்கள் செத்த காரணத்தை இப்போது சொல்கிறேன். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இந்தப் பற்றீரியாக்கள் பாறைத் துளைகளில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குமுன் மீன் விடுவது, மலசலகூடம் இல்லாத வீட்டில் ஒரு குடும்பத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம். நாங்கள் ஒரு துண்டு இறாலை மட்டும் நீரில் அழுகவிட்டு, மீனில்லாத தொட்டியை ஓடவிட்டுக் காத்திருந்தோம். அமோனியா ஏறி இறங்கியதையும், பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கியதையும் மருமகன் சோதனைத் துளிகளால் அளந்து கொப்பியில் குறித்துவைத்தான். இரண்டும் பூச்சியமாவதற்கு நாற்பத்தொரு நாள் சென்றது. வருவோர் போவோரெல்லாம் “எங்க மீன்?” என்று கேட்டார்கள்.

தொட்டிக்குக் கீழே இன்னொரு சிறிய தொட்டி உண்டு. மேலிருந்து வழியும் நீர் அங்கே வந்து சுத்தமாகி, மோட்டாரால் மீண்டும் மேலே போகும். அதில் முக்கியமானது நுரை பிரிக்கும் குழாய். அலை அடிக்கும் கரையில் மஞ்சள் நிற நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் தன் அழுக்கைக் கழிக்கும் முறைகளுள் அதுவும் ஒன்று. இந்தக் குழாய் நுண்ணிய காற்றுக் குமிழ்களால் அதே வேலையைச் செய்கிறது. வாரத்துக்கு இருமுறை அதன் கோப்பையில் சேரும் கறுத்த நீரைக் கொட்டும்போதுதான், அது இல்லாவிட்டால் மீன்கள் எதில் நீந்தியிருக்கும் என்பது விளங்குகிறது.

குளிர்நாட்டு நூல்களெல்லாம் நீரைச் சூடாக்கும் கருவி வாங்கச் சொல்கின்றன. புத்தளத்தில் நமக்கு எதிர்ப் பிரச்சினை. 25 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. பகலில் நமது வீடு முப்பதைத் தாண்டும். குளிரூட்டும் இயந்திரம் விலை கூடியது. இரண்டு சிறிய மின்விசிறிகளை நீர்ப்பரப்புக்கு மேல் ஓடவிட்டோம். இரண்டு மூன்று பாகை இறங்குகிறது. பதிலுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வரை நீர் ஆவியாகிப் போகிறது. இங்கே முதல்முறை ஒரு பிழை நடந்திருந்தது. குறைந்த நீருக்குக் கடல்நீரையே ஊற்றிவந்தார்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் நாளுக்கு நாள் உப்பேறிக்கொண்டே போனது. குறைவதை நல்ல நீரால்தான் நிரப்ப வேண்டும். நமது கிணற்று நீர் கடினமானது, ஆகவே குடிப்பதற்கு வாங்கும் ஆர்.ஓ. நீரை ஊற்றுகிறோம். மாதம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுக் கடல்நீர் சேர்க்கிறோம்.

மின்கட்டணத்தை மருமகன் கணக்குப் போட்டுக் காட்டினான். இரவுபகலாக ஓடும் மோட்டார்கள், விசிறிகள் எல்லாம் 100 வாற்று என்றால் நாளுக்கு 2.4 அலகு. ஒன்பது மணித்தியாலம் எரியும் 150 வாற்று விளக்குக்கு 1.35 அலகு. மாதம் 112 அலகுக்கு மேல். ஒரு சிறு குடும்பத்தின் மாதப் பாவனைக்குக் குறையாது. இதை ஏற்க முடியாதவர்கள், நான் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாமல், நல்ல தண்ணீரில் நாலு மீன் வளர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடன் வாங்கித் தொட்டி வைப்பவரிடம் இன்று யாராவது என்னை ஆகுமா என்று கேட்கச் சொன்னால், என் பதில் வேறாக இருக்கும்.

இம்முறை மீன் எட்டே எட்டு. ஒரு சோடி கோமாளி மீன் முதலில் வந்தது. ஒவ்வொரு மீனையும் தனியான சிறு தொட்டியில் நான்கு வாரம் வைத்து, நோயில்லை என்று கண்டபிறகே பெரிய தொட்டிக்கு மாற்றினோம். பாசியை மேய நத்தைகள், மிச்சம் மீதியைப் பொறுக்க இரண்டு இறால், கடற்பாசிச் செடி சில. முருகைக்கல் ஒன்றும் இல்லை. அனுமதியோடு, வளர்ப்பு இனமாக, பத்திரத்தோடு வரும் நாளில் பார்க்கலாம் என்று மச்சான் சொல்லிவிட்டார். மனதுக்குள் ஆசை இருக்கிறது. தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் முதலில் வாங்கியது காற்றுப் பம்பும் பற்றரியும்தான். மின்சாரம் நின்றதும் தானாகவே ஓடத்தொடங்கும் இரண்டு பம்புகள், பெரியதொரு பற்றரி. ஒரு நாளுக்கு மேல் தாங்கும். மீன் வாங்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டின் பிரதான ஆளியையே இறக்கிவிட்டு, மஃரிப் வரை ஓடுகிறதா என்று சோதித்துப் பார்த்தான் மருமகன். விசிறியில்லாமல் தங்கை அன்று பட்டபாடு வேறு கதை.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதே காரணம் என்று அமைச்சர் சொன்னதைக் கேட்டு ஊரெல்லாம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். விளக்கு இல்லை, பெரிய மோட்டார் ஓடவில்லை. ஆனால் தொட்டியின் இரு மூலையிலும் குமிழ்கள் மேலெழுந்துகொண்டிருந்தன. மருமகன் கதிரையைப் போட்டுக்கொண்டு முன்னால் அமர்ந்திருந்தான். கோப்பையொன்றும் பக்கத்தில் தயாராக இருந்தது. பற்றரி ஓடும்போது கோப்பை எதற்கென்று கேட்டேன். “இருக்கட்டும் மாமா” என்றான். மின்சாரம் வரும்வரை அவன் எழும்பவே இல்லை. எட்டு மீன்களும் உயிரோடிருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது மச்சானும் தங்கையும் பிள்ளைகளோடு உம்ராவுக்குப் போக ஆயத்தமாகிறார்கள். இரண்டு வாரம் தொட்டி என் பொறுப்பு. தீனியை நாள்வாரியாகச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி வைத்திருக்கிறான் மருமகன். சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறான்: ‘ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் மட்டும். பாவமென்று கூடப் போட வேண்டாம். கரண்ட் போனால் மாமா வீட்டில் தூங்க வேண்டாம், இங்கே வந்து தூங்கவும்.’